மூச்சு வாங்கும் கல்

வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நாளில் முற்றத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். பாதியாக வெட்டிய தகரப் பீப்பாய்க்குள் சாக்கிலிருந்து வெள்ளைக் கற்களைக் கொட்டுவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால், இது கல்தானா என்று நினைக்கும் அளவுக்கு இலேசாக இருக்கும். வெள்ளையடிக்க வந்தவர் கிணற்றிலிருந்து அள்ளிய பச்சைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, "தள்ளி நில்லுங்க புள்ளையள், கண்ணுல தெறிச்சிரும்" என்று அதட்டுவார். முதலில் ஒன்றும் நடக்காது. கல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு ஒரு கல்லில் மெல்லிய வெடிப்பு ஓடும். பக்கத்துக் கல் 'சள்'ளென்று பிளக்கும். ஆவி கிளம்பும். சற்று நேரத்தில் பீப்பாய் முழுவதும் குமுறிக் கொதிக்கும். அடியில் விறகு இல்லை, நெருப்பு இல்லை. ஊற்றியது குளிர்ந்த நீர், கொட்டியது குளிர்ந்த கல். சூடு எங்கிருந்து வந்தது?

இன்னொரு புதிர், வெள்ளையடித்து முடிந்த பிறகு வரும். புதிதாகப் பூசிய சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளை. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் பூச்சு மெல்ல இறுகிவிடும். சூளைக்குப் போன கல் மாவானது, மா பாலானது, பால் மறுபடியும் கல்லாகிவிட்டது.

இரண்டு புதிருக்கும் விடை ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டால், கரும்புச் சாறு தெளிவதும், இறால் குளத்துச் சேறு திருந்துவதும், உருக்கிலிருந்து அழுக்குப் பிரிவதும், பாசிக்குடாக் கடலில் முருகைக்கல் வளர்வதும் ஒரே கதையின் கிளைகள் என்பது விளங்கும்.

நெருப்பா, மூச்சா?

சிப்பி, மட்டி, ஊரி, முட்டைக்கோது, கடலில் வளரும் முருகைக்கல், யாழ்ப்பாணத்து நிலத்தடிச் சுண்ணாம்புக்கல். பார்வைக்கு ஒன்றோடொன்று ஒட்டாத இவை எல்லாம் இரசாயனவியலில் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கல்சியம் காபனேற்று. இதைச் சூளையில் இட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சுட்டால் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. இன்னும் தண்ணீரைக் காணாதது என்பதால் நீறாச் சுண்ணாம்பு என்றும் சொல்வோம். தண்ணீர் ஊற்றிப் பொங்கவைப்பது நீற்றுதல். அப்படிப் பொங்கி உதிர்ந்த வெள்ளை மா நீறிய சுண்ணாம்பு. வெற்றிலைத் தட்டத்துக் கரண்டகத்தில் குழைந்து கிடப்பது அதுதான். கல், சுட்டது, நீறியது ஆகிய மூன்றும் வேறு வேறு பொருள்கள் என்று ஆய்வுகூடங்கள் சொல்லுமுன்பே தமிழ் அவற்றைப் பிரித்துப் பெயரிட்டுவிட்டது.

சுண்ணாம்புக்கல்லைத் தொட்டால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. சுட்ட சுண்ணாம்போ ஈரத் தோலை வேகவைத்துவிடும். இந்த உக்கிரத்துக்குக் காரணம் என்ன? 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய அறிஞர்கள் பலர் சொன்ன விளக்கம் நியாயமாகவே பட்டது. சூளையில் கல் நெருப்பைக் குடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றும்போது வெளியே வருவது அந்த நெருப்பு. தோலைச் சுடுவதும் அதே நெருப்பு.

இந்த விளக்கத்தைத் தராசில் வைத்துப் பார்த்தவர் ஜோசப் பிளாக். அப்போது எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். சிறுநீர்ப்பைக் கல்லுக்கு அக்காலத்தில் சுண்ணாம்பு நீரை மருந்தாகக் கொடுத்தார்கள். சிப்பிச் சுண்ணாம்பு நல்லதா, கல்சுண்ணாம்பு நல்லதா என்று அங்கே பேராசிரியர்கள் இருவருக்குள் பெரிய வாக்குவாதம். அதற்குள் தலையைக் கொடுக்காமல் பிளாக் மக்னீசிய உப்பு ஒன்றை ஆராயத் தொடங்கினார். ஆனால் வழி அவரைச் சுண்ணாம்பிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1754-இல் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேட்டையும், 1756-இல் அதை விரித்து எழுதிய கட்டுரையையும் வெளியிட்டார்.

கட்டுரையில் உள்ள ஒரு சோதனை இது. 120 கிரெயின் எடையுள்ள வெண்கட்டிக் கல்லை எடுத்தார். கிரெயின் என்பது பழைய மருந்துக்கடை எடை. இரண்டரை நெல்மணி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாகச் சுட்டபின் நிறுத்துப் பார்த்தால் 68. கல் நெருப்பைக் குடித்திருந்தால் எடை இப்படிப் பாதியை நெருங்க ஏன் குறைய வேண்டும்? ஏதோ உள்ளே போகவில்லை, வெளியே போயிருக்கிறது. அடுத்து, அந்தச் சுட்ட சுண்ணாம்பைப் பொடித்து, சாம்பலிலிருந்து எடுத்த கார உப்பின் கரைசலில் போட்டார். பிறகு கழுவி உலர்த்தி நிறுத்தார். இப்போது 118! உக்கிரமும் போய்விட்டது. பழைய சாதுவான கல் திரும்பி வந்துவிட்டது. போனது எதுவோ, அது கார உப்பிலிருந்து மறுபடி கல்லுக்குள் ஏறியிருக்கிறது.

கல்லுக்குள் கட்டுண்டு கிடந்து சூட்டில் விடுபடும் அந்த வாயுவுக்கு 'நிலைத்த காற்று' என்ற பொருளில் பிளாக் பெயர் வைத்தார். இன்று நாம் காபனீரொட்சைட்டு என்கிறோம். நாம் வெளிவிடும் மூச்சிலும் அதுவே இருக்கிறது. ஆக, சுண்ணாம்பின் உக்கிரம் அது பெற்ற நெருப்பால் வந்ததல்ல, இழந்த மூச்சால் வந்தது.

வரவு செலவுக் கணக்கு

இன்றைய கணக்குப்படி, தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ வாயு வானத்துக்குப் போகும். பிளாக்கின் தராசு காட்டியதும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். சாக்கிலிருந்த கல் ஏன் அவ்வளவு இலேசாக இருந்தது என்பதற்கும் இதுவே விடை. கல் பெரிதாகச் சுருங்காமலே அதன் உள்ளிருந்த வாயு வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த ஒரு கூடு.

அந்த 56 கிலோவின்மேல் தண்ணீர் ஊற்றினால் 18 கிலோ நீர் அதனோடு சேர்ந்து 74 கிலோ நீறிய சுண்ணாம்பு ஆகும். அதைச் சுவரில் பூசினால் காற்றிலிருந்து அதே 44 கிலோ வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும், 18 கிலோ நீரை விட்டுவிடும். மறுபடியும் 100 கிலோ கல். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் இந்தச் சுற்றைச் சுண்ணாம்புச் சக்கரம் எனலாம்.

பீப்பாய் கொதித்தது எப்படி? வீட்டுக் கூரைமேல் இருக்கும் நீர்த்தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டர் போட்டு நீரை மேலே ஏற்றுகிறோம். ஏற்றச் செலவான சக்தி நீரோடு மேலேயே இருக்கிறது. குழாயைத் திறந்தால் வேகமாகக் கொட்டுகிறது. சூளை செய்வது அந்த மோட்டரின் வேலை. கல்லிலிருந்து மூச்சைப் பிரிக்க நிறைய வெப்பம் செலவாகிறது. மூச்சிழந்த சுண்ணாம்பு உயரத்தில் ஏற்றிவைத்த நீரைப் போன்றது. தண்ணீரைக் கண்டதும் அது ஒரு படி கீழே குதிக்கிறது. அந்தக் குதிப்பில் வெளிப்படுவதுதான் பீப்பாயின் கொதிப்பு. நன்றாகச் சுட்ட ஒரு கிலோ சுண்ணாம்பு நீறும்போது வரும் வெப்பம், மூன்று லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்கு ஏற்றப் போதும். பழைய அறிஞர்களும் முழுக்கத் தவறு சொல்லவில்லை. நெருப்பு கல்லுக்குள் பொருளாகப் புகவில்லை, ஆனால் அதன் சக்தி அங்கே சேமிப்பில் இருக்கிறது.

இரண்டாவது படி, காற்றிலிருந்து மூச்சை வாங்குவது. அது மிக மெதுவாக இறங்கும் படி. காற்றில் காபனீரொட்சைட்டு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். சுவரின் மேல்தோல் முதலில் கல்லாகும், உட்புறத்துக்கு வாயு ஊறிச் செல்லக் காலம் பிடிக்கும். கரண்டகத்துச் சுண்ணாம்பை மூடிவைத்து, ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வதன் காரணமும் இதுவே. திறந்து காயவிட்டால் அது மூச்சு வாங்கிக் கல்லாகிவிடும்.

மதில் உள்ளிழுத்த காற்று

சுவர் உண்மையிலேயே காற்றை உள்ளிழுக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? மட்டக்களப்பு வாவிக்கரைக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628-இல் கட்டினார்கள். 1638-இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். இன்று நாம் பாவிக்கும் போர்ட்லாந்து சீமெந்துக்கு ஜோசப் அஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதோ 1824-இல்தான். ஆகவே அக்காலக் கோட்டை மதில்களின் கற்களைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்து இறுகியபோது வாங்கியது 17-ஆம் நூற்றாண்டின் வாவிக் காற்று.

இது வெறும் கற்பனை அல்ல. காற்றிலுள்ள காபனில் மிகச் சிறு பங்கு காபன்-14 என்னும் கதிர்வீச்சுள்ள வகை. எதற்குள்ளாவது சிறைப்பட்டதிலிருந்து அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சாந்துக்குள் சிறைப்பட்ட மூச்சில் எவ்வளவு காபன்-14 மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், சாந்து எப்போது இறுகியது என்று சொல்லலாம். 1964-இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். சாந்தில் சரியாகச் சுடப்படாத சிப்பித் துண்டு இருந்தால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் அது தன் பழைய மூச்சை இழக்கவே இல்லை. அந்தப் பிழைகூட நம் கதைக்குச் சாட்சிதான். சூளையில் மூச்சை விட்ட துகள் மட்டுமே மதிலில் புது மூச்சை வாங்கும்.

தாகம், காரம், பிடிப்பு

சுண்ணாம்பின் நூற்றுக்கணக்கான பயன்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதன் மூன்று குணங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது தாகம். சுட்ட சுண்ணாம்பு நீரை எங்கே கண்டாலும் இழுக்கும். சேறாகக் கிடக்கும் களிமண் நிலத்தில் வீதி போடுபவர்கள் அதைத் தூவிக் கிளறினால், அது மண்ணின் ஈரத்தைக் குடிக்கும், வரும் சூட்டில் இன்னும் ஈரம் ஆவியாகும், வழுக்கும் களி திரளைகளாக உதிர்ந்து பாரம் தாங்கும். நம் கிணறுகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் போடும் ரி.சி.எல். என்ற வெளிற்றும் தூளிலும் இந்தத் தாகம் வேலை செய்கிறது. வெளிற்றும் தூளை 1799-இல் ஸ்கொட்லாந்தின் சார்ல்ஸ் டெனன்ட் நீறிய சுண்ணாம்பில் குளோரீனை ஏற்றிச் செய்தார். வெப்ப நாட்டின் ஈரக் காற்றில் அது சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். அதனால் சுட்ட சுண்ணாம்பைக் கலந்து செய்தார்கள். வரும் ஈரத்தைச் சுண்ணாம்பு குடித்துக்கொள்ளும், குளோரீன் தப்பும்.

இரண்டாவது காரம். அமிலத்துக்கு எதிர்க்குணம். இதை அளக்கும் கோல் பீ.எச். அதில் 7 நடு. கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம், ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. சுண்ணாம்பு நீர் 12-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லீற்றர் நீரில் ஒன்றரைக் கிராம் அளவே அது கரையும். மிச்சம் பத்தாயத்து நெல் போல அடியில் காத்துக் கிடக்கும். கரைந்ததை அமிலம் தின்னத் தின்ன அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். மலிவான இந்தப் பத்தாயம்தான் தொழிற்சாலைகளுக்குச் சுண்ணாம்பைப் பிடித்துப்போகக் காரணம்.

மூன்றாவது பிடிப்பு. சுண்ணாம்பில் உள்ள கல்சியம், நீரில் கரைந்து திரியும் பொசுபேற்று போன்றவற்றைப் பிடித்துக் கரையாத பொருளாக்கி அடியில் இருத்திவிடும். கலங்கலுக்கு நங்கூரம் கட்டுவது போல.

அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணையைப் போன்ற கரும்புப் பிரதேசங்களில் சீனி ஆலைக்குள் போனால் காரம், பிடிப்பு என்ற இரண்டு குணங்களும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். பிழிந்த சாறு கலங்கலாகவும் சற்றுப் புளிப்பாகவும் இருக்கும். அப்படியே காய்ச்சினால் அமிலம் சீனியை உடைத்துவிடும், பளிங்கு படியாது. சுண்ணாம்புப் பாலை அளந்து சேர்ப்பார்கள். அமிலம் அடங்கும். சாற்றிலுள்ள பொசுபேற்றோடு கல்சியம் சேர்ந்து பஞ்சு போலத் திரண்டு, மண்ணையும் நாரையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். மேலே பொன்னிறச் சாறு. சுண்ணாம்பு கூடிவிட்டால் சீனி கறுக்கும். அளவே இங்கே கைத்திறன்.

குடிநீரும் அப்படித்தான். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு வீடுகளுக்கு வருகிறது. பொதுவாகக் குளத்து நீரில் மிதக்கும் மண்ணைத் திரட்டப் படிகாரம் போடுவார்கள். படிகாரம் நீரைச் சற்று அமிலமாக்கும். அமில நீர் குழாய்களை அரிக்கும். அதைச் சமன்செய்ய உலகெங்கும் நீர் நிலையங்கள் பெரும்பாலும் நாடுவது சுண்ணாம்பைத்தான்.

காகிதத் தொழிலில் வேறொரு பாத்திரம். வைக்கோலில் காகிதம் செய்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950-களிலிருந்து கிழக்கின் அடையாளமாக இருந்தது. நாரைப் பிரித்துக் கூழாக்க எரிசோடா என்னும் கடுங்காரம் தேவைப்படும். பெரிய காகித ஆலைகளில் பாவித்த எரிசோடாவைக் கழிவிலிருந்து மீட்கிறார்கள். எரித்த கழிவில் சோடா மூச்சோடு சேர்ந்து சாதுவாகக் கிடக்கும். சுண்ணாம்பு அந்த மூச்சைத் தான் வாங்கிக்கொண்டு, சோடாவை மறுபடி உக்கிரமாக்கிவிடும். பிளாக் தன் சிறு பாத்திரத்தில் செய்த அதே சோதனை, தொழிற்சாலை அளவில்!

உலகில் ஆண்டுக்கு 40 கோடி தொன்னுக்கு மேல் சுண்ணாம்பு சுடப்படுகிறது. அதில் பெரும் பங்கு இரும்புருக்குத் தொழிலுக்கே போகிறது. இரும்புத் தாதில் பொசுபரசு இருந்தால் உருக்கு கண்ணாடி போல உடையும். 1878-இல் சிட்னி கில்கிறைஸ்ட் தோமஸ் என்ற ஆங்கிலேயர், உலைக்குள் சுண்ணாம்பைச் சேர்த்தால் பொசுபரசு அதோடு பிணைந்து கசடாக மிதக்கும் என்று காட்டினார். அதன்பின்தான் ஐரோப்பாவின் ஏராளமான தரங்குறைந்த தாது பயனுக்கு வந்தது. அனல்மின் நிலையங்களின் புகையில் வரும் கந்தக வாயுவைப் பிடிக்கவும் சுண்ணாம்பு அல்லது சுண்ணாம்புக்கல் தூளே பெரிதும் பயன்படுகிறது. அமில மழையாகப் பெய்ய வேண்டியது ஜிப்சமாகி மூட்டையில் அடைபடுகிறது.

கண்ணாக் காட்டுச் சேறு

இலங்கையில் வணிக முறையிலான இறால் வளர்ப்பு 1970-களின் பிற்பகுதியில் தலைகாட்டிய இடங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. போர் அதை நிறுத்தியது. இறால் குளம் வெட்டுவோர் பலர் வாவியோரக் கண்ணாக் காட்டை நாடுவார்கள். அந்தச் சேற்றில் ஒரு பொறி இருக்கிறது. அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம் உறங்குகிறது. நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. வெட்டி அணை கட்டி வெயிலில் காயவிட்டதும் ஒட்சிசன் படுகிறது, கனிமம் சல்பூரிக் அமிலமாக மாறுகிறது. மழை பெய்ய, அமிலம் குளத்துக்குள் வழிகிறது. இறால் ஓடு கட்ட முடியாமல் தவிக்கிறது.

இங்கே எந்தச் சுண்ணாம்பு என்பது முக்கியம். சுடாத சுண்ணாம்புக்கல் தூள் சாது. அது அமிலத்தைத் தின்னும், ஆனால் பீ.எச். அளவை எட்டுக்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்ளும். உயிர்கள் இருக்கும் குளத்திலும் போடலாம். சுட்ட சுண்ணாம்போ 11-க்கும் மேலே தூக்கும். வெற்றுக் குளத்தின் அடிச்சேற்றில் மிஞ்சிய நோய்க்கிருமி, களை மீன் எல்லாவற்றையும் அழிக்க அதுவே ஏற்றது. பிறகு காரம் தணியும்வரை காத்திருந்துதான் குஞ்சு விட வேண்டும்.

பாசி படர்ந்து வாவி பச்சையாகும்போது, மீன் செத்து மிதக்கும்போது, "கொஞ்சம் சுண்ணாம்பைக் கொட்டினால் சரியாகிவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வீட்டுக் கழிவிலிருந்து நீரில் சேரும் அமோனியம், காரம் ஏற ஏற அமோனியா என்னும் நச்சு வடிவுக்கு மாறும். மீனைக் காக்கப் போட்டதே மீனைக் கொன்றுவிடும். சுண்ணாம்புக்கு உரிய இடம் வாவி அல்ல. வாவிக்கு வருமுன் கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டிதான் அதன் இடம். அங்கே அது பாசிக்குத் தீனியான பொசுபேற்றைப் பிடித்து இருத்தும். மலக்கசட்டில் கலந்து பீ.எச். 12-இல் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்து, பிறகும் ஒரு நாள் வரை காரம் இறங்காமல் காத்தால், நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழியும்.

கிருமியைக் கொல்லும் என்ற இதே நம்பிக்கையில்தான் பேரழிவுகளின்போது இறந்தவர்களின் உடல்கள்மேல் சுண்ணாம்பு தூவும் வழக்கம் உலகெங்கும் வந்தது. 2004 ஆழிப்பேரலையின் துயரம் நம் கரையை விட்டு இன்னும் போகவில்லை, அதனால் இதைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு உடலைக் கரைப்பதில்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் பன்றி உடல்களைச் சுண்ணாம்போடும் சுண்ணாம்பில்லாமலும் புதைத்து ஒப்பிட்டார்கள். சுண்ணாம்பு அழுகலைத் தாமதப்படுத்தவே செய்தது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டிகளும் அதைத் தூவ வேண்டாம் என்கின்றன. அடையாளம் காண்பதும் மரியாதையாக அடக்கம் செய்வதும்தான் இறந்தவர்களுக்கு வேண்டியது.

உயிரோடிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுட்ட சுண்ணாம்பு தோலில் பட்டால் முதலில் உலர்வாகத் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். "தள்ளி நில்லுங்க" என்ற அதட்டலில் முழு இரசாயனவியலும் அடங்கியிருக்கிறது.

கடல் தந்த கல்

கல்லைச் சுடுவது எப்படி என்று பார்த்தோம். எந்தக் கல்லை என்பதுதான் இந்தக் கரையின் கேள்வி. யாழ்ப்பாணத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950-இல் தொடங்கியது அதை நம்பித்தான். மாத்தளைப் பக்கம் சுண்ணாம்பு சுட உதவும் தொலமைற்றுக் கல் இருக்கிறது. மட்டக்களப்புக்கு அடியில் இருப்பதோ மிகப் பழைய கருங்கற்பாறை, அதில் சுட ஒன்றுமில்லை. ஆகவே சுண்ணாம்பு தேடிய கை இயல்பாகவே கடலை நோக்கிப் போனது. கல்குடா, பாசிக்குடாப் பக்கம் முருகைக்கல் உடைக்கப்பட்டதை 1990-களின் பவளப்பாறை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. தென்மேற்குக் கரையில் இது பெருந்தொழிலாகவே நடந்தது. அம்பலாங்கொடையிலிருந்து திக்வெல்லை வரையிலான கரையில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சூளைகளுக்குப் போனதாக 1984-இல் கணக்கெடுத்தார்கள்.

முருகைக்கல் பாறை போலத் தெரிந்தாலும் அது ஓர் உயிரின் வீடு. ஊசித்தலை அளவிலிருந்து ஒரு பட்டன் அளவு வரையான மென்னுடல் உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல் நீரில் கரைந்துள்ள கல்சியத்தையும் காபனையும் எடுத்துக் கல்லாகக் கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. உருண்டை வடிவ முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே தடிக்கும். இதை எப்படி அறிந்தோம்? பாறையை மெல்லிய பலகையாக அறுத்து ஊடுகதிர்ப் படம் எடுத்தால் மரத்தின் வளையங்கள் போல வரிகள் தெரியும். ஒரு வரி ஓர் ஆண்டுதானா என்ற சந்தேகத்தை 1972-இல் ஓர் ஆய்வு தீர்த்தது. பசிபிக்கின் எனிவெடொக் தீவில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்த ஆண்டுகளின் கதிர்வீச்சு, அங்கிருந்த முருகைக்குள் வரி வரியாகப் பதிந்திருந்தது. வெடித்த ஆண்டுகளையும் வரிகளையும் எண்ணினார்கள், கணக்கு ஒத்துப்போனது. அழிவின் சுவடே நாட்காட்டியாகிவிட்டது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சூளையைப் பாருங்கள். மனிதத் தலையளவு முருகைக் கல் ஒன்று வளரப் பத்து ஆண்டளவாவது வேண்டும். சூளைக்கு ஓரிரு நாள் போதும். அதிலும் 44 வீதம் வாயுவாகிப் போய்விடும்.

அந்தக் கல் கடலில் இருந்தபோது சும்மா இருக்கவில்லை. முருகைக்கற்கள் சேர்ந்து உருவாகும் பவளப்பாறைகள் அலையின் சக்தியில் சராசரியாக 97 வீதத்தை உடைத்துவிடுகின்றன என்று 2014-இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு காட்டியது. ஆழிப்பேரலைக்குப் பின் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவையையும், அதற்குச் சில கிலோமீற்றர் தள்ளியுள்ள பெரலியவையையும் ஆய்வாளர் ஹரீந்திர பெர்னாண்டோவின் குழுவினர் ஒப்பிட்டார்கள். பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் கடல் சில பத்து மீற்றர் தூரமே உள்ளே வந்தது. பாறை தோண்டப்பட்ட பெரலியவில் ஒரு கிலோமீற்றருக்கும் மேலே வந்து, புகையிரதத்தையே புரட்டி ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் கொன்றது. எல்லாப் பேரலையையும் பாறை தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. கடலடியின் வடிவமும் அலையின் அளவும் சேர்ந்தே முடிவு செய்யும். ஆனால் அன்றாட அலையிலிருந்தும் அரிப்பிலிருந்தும் கரையைக் காப்பது அந்த வேலிதான் என்பதில் ஐயமில்லை.

சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. 1981-ஆம் ஆண்டின் 57-ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், கடற்பக்கம் 2 கிலோமீற்றர் வரை கரையோர வலயம் என்று வகுத்தது. 1988-இன் திருத்தம் அந்த வலயத்துக்குள் முருகைக்கல் தோண்டுவது, வைத்திருப்பது, சுடுவது, கொண்டுசெல்வது எல்லாவற்றையும் தடைசெய்தது. சூளையை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டாமல் தடை மட்டும் போடுவது அநீதி. நிலத்துச் சுண்ணாம்பு எட்டும் விலையில் கிடைப்பதும் அந்தக் கைகளுக்கு வேறு வேலை கிடைப்பதும் சட்டத்தின் மறுபாதி என்றே சொல்வேன்.

ஒரு குவளைச் சோதனை

இப்போது கடலுக்கு வேறொரு திசையிலிருந்தும் ஆபத்து. அதை வீட்டிலேயே பார்க்கலாம். நீறிய சுண்ணாம்பு சிறிதளவைத் தண்ணீரில் கலக்கி, அடங்கவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்தெடுங்கள். இன்னொரு பங்கு தண்ணீரும் சேருங்கள். உறிஞ்சுகுழல் ஒன்றை விட்டு மெதுவாக ஊதுங்கள். தவறியும் உறிஞ்சிவிடக் கூடாது, பிள்ளைகள் செய்தால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் நீர் பாலாகும். சுண்ணாம்பு உங்கள் மூச்சை வாங்கிக் கல்லாகிறது, அந்தக் கல்லின் தூள்தான் வெண்மை. பிளாக்கின் கண்டுபிடிப்பு உங்கள் கையில் இருக்கிறது.

நிறுத்த வேண்டாம். விடாமல் ஊதிக்கொண்டே இருங்கள், பொறுமை வேண்டும். மெல்ல மெல்ல வெண்மை குறைந்து நீர் மறுபடியும் தெளியும். மூச்சு அளவோடு இருந்தபோது கல் பிறந்தது. அளவு மிஞ்சியதும் நீர் அமிலப் பக்கம் சாய்ந்து அதே கல்லைக் கரைத்துவிட்டது.

கடலிலும் நம் புகை இதையே செய்யத் தொடங்கியிருக்கிறது. தொழிற்புரட்சிக்குமுன் 8.2 அளவிலிருந்த கடலின் பீ.எச். இப்போது 8.1 அளவில் இருக்கிறது. பத்து மடங்குப் படிகள் கொண்ட கோல் அது என்பதால், சிறிதாகத் தெரியும் இந்த இறக்கம் அமிலத்தன்மையில் கால் பங்குக்கு மேற்பட்ட ஏற்றம். முருகை இன்னும் கரையவில்லை, ஆனால் கல் கட்ட அது படும் பாடு கூடிவிட்டது. 1995-இல் ஹாரூன் கெஷ்கி என்ற ஆய்வாளர், கடலில் சுண்ணாம்பைச் சேர்த்தே இதை எதிர்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். கடலில் கரையும் சுண்ணாம்பு, சூளையில் தான் விட்ட மூச்சைப்போல் ஏறத்தாழ இரு மடங்கை வாங்க வல்லது. ஆனால் சூளைப்புகையைப் பிடித்து அடைத்துவைக்காவிட்டால் அந்த இலாபத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

அது பெரிய நாடுகளின் வேலை. நம் வேலை சிறியது. அடுத்த முறை ஒரு சாக்குச் சுண்ணாம்பு வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நிலத்துக் கல்லா, கடல் கல்லா?" பதிலுக்கேற்ப வாங்குங்கள். ஊதி முடித்த அந்தக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். அதில் கல் மட்டும் இருக்காது.